கூடுதலாய் நிண்ட நாட்கள்

செப்டெம்பர் 9, செவ்வாய்

கவுன்சிலிலை இருந்து கடிதம் வந்திருக்கு. மண்ணிற உறை. நல்ல செய்தி அந்த உறையிலை வந்து நான் லண்டனுக்கு வந்த இந்த இருபது வருசத்திலை காணேல்லை. வதனி வேலை முடிஞ்சு வந்து வாசிக்கட்டும் எண்டு ரீவிக்குப் பக்கத்திலை வைச்சிட்டு முருங்கை இலை உருவிக்கொண்டு இருந்தன். கடைக்காரன் ஒரு கட்டுக்கு ரெண்டு பவுண் வாங்கிறான், அதிலை பாதி தண்டு.

அவள் ஆறு மணிக்கு வந்தாள். மருந்துக்கடையிலை நாள் முழுக்க நிண்டு கால் வீங்கியிருந்தது. சப்பாத்தைக் கழட்ட முதலே கடிதத்தைக் கண்டிட்டாள். ஒருக்கா வாசிச்சாள். பிறகு கதிரையிலை இருந்து திரும்பவும் வாசிச்சாள்.

"என்னவாம்?"

"நீங்கள் இந்த வருசம் ஊரிலை நிண்ட நாள் கூடிப்போச்சாம், அம்மா. நாலு கிழமைக்கு மேலை வெளிநாட்டிலை நிண்டால் வாடகைக்குத் தாற உதவிக்காசு நிண்டுபோமாம். திரும்பி வந்து புதுசாய் விண்ணப்பம் போட்டிருக்க வேணுமாம். நாங்கள் போடேல்லை. அவையும் கவனிக்காமல் குடுத்துக்கொண்டு வந்திட்டினம். இப்ப அவ்வளவும் கூடுதலாய்க் குடுத்தது, திருப்பித் தாங்கோ எண்டுகினம்."

"எவ்வளவு?"

"அதை விடுங்கோ."

"எவ்வளவு எண்டு கேட்டனான்."

"ரெண்டாயிரத்து நானூறு பவுண்."

எனக்கு எழுபத்தினாலு வயது. பென்சனும், அது காணாதெண்டு அதோடை சேர்த்துத் தாற துண்டுக் காசும்தான் என்ரை வருமானம். வாடகை முழுக்க அந்த உதவிக்காசிலைதான் போறது. ரெண்டாயிரத்து நானூறுக்கு நான் எங்கை போக?

"பிளேன் ரிக்கெற் கிடைக்கேல்லை எண்டுதானே நிண்டனீங்கள்? அந்தக் கொம்பனியிட்டைக் கேட்டு ஒரு கடிதம் எடுப்பம்" எண்டாள்.

"ஓம். முழங்காலும் நொந்தது" எண்டன்.

ரெண்டு காரணம் சொன்னது பிழை. வேறை ஆரும் எண்டால் பிடிச்சிருப்பினம். இவள் என்னை நம்புற பிள்ளை. சாப்பிட்டிட்டுப் போனாள்.

செப்டெம்பர் 12, வெள்ளி

புவனா ரீச்சர் கோயிலாலை வந்தவ. பிரசாதமும் கொண்டந்தவ, ஊர்ப் புதினமும் கொண்டந்தவ. சும்மா இருக்க மாட்டா அந்த மனுசி. சாமித்தட்டிலை என்ரை மனுசன்ரை படத்துக்குக் குங்குமம் வைச்சிட்டு, மிச்சத்தை ரீவிக்கு மேலை இருக்கிற தயாவின்ரை படத்துக்கும் வைச்சுப்போட்டா.

வதனி குசினிக்குள்ளை இருந்து கண்டிட்டாள். வந்து ஈரத்துணியாலை படத்தைத் துடைச்சாள். பிறகு, "ரீச்சர், பொட்டு வைக்கிறது செத்தாக்களின்ரை படத்துக்கு. என்ரை அண்ணா சாகேல்லை" எண்டாள். ரீச்சருக்கு முகம் கறுத்துப்போச்சு.

தயாபரன் என்ரை மூத்தவன். வதனிக்கு மூண்டு வயது மூப்பு. பிரச்சினை நேரம் ஒரு பிள்ளையை வெளியிலை அனுப்பத்தான் எங்களிட்டை வசதி இருந்தது. தங்கச்சியை அனுப்புங்கோ எண்டு சொன்னவன் அவன்தான். மனுசன் செத்த பிறகு இவள் என்னையும் இஞ்சை கூப்பிட்டாள். அவன் வரமாட்டன் எண்டிட்டான். சண்டை முடிஞ்ச வைகாசியிலை கையைத் தூக்கிக்கொண்டு வந்த சனத்தோடை அவனும் வந்தவன். ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸிலை ஏத்தினதை என்ரை தங்கச்சி பாக்கியம் தன்ரை கண்ணாலை கண்டவள். அதுக்குப் பிறகு ஆரும் காணேல்லை.

வதனி இன்னும் கலியாணம் கட்டேல்லை. கேட்டால், அண்ணா வரட்டும் எண்டுவாள். முதல் பகிடி எண்டு நினைச்சம்.

துடைச்ச படத்தைப் பாத்து "நல்லாய்த் துடைச்சிட்டன் தானே அம்மா" எண்டு கேட்டாள். ஓம் எண்டன்.

செப்டெம்பர் 15, திங்கள்

லிஃப்ற் வேலை செய்யேல்லை. மூண்டாம் மாடிக்கு அரிசியைத் தூக்கிக்கொண்டு ஏறினன். முழங்கால் இப்பதான் உண்மையாய் நோகுது.

செப்டெம்பர் 24, புதன்

ஆலோசனை நிலையத்துக்குப் போனம். தேவாலயத்துக்குப் பின்னாலை ஒரு சின்ன அறை, பிளாஸ்ரிக் கதிரை, சுவரெல்லாம் நோட்டீஸ். அங்கை ஃபார்ஹியா எண்டு ஒரு சோமாலிப் பிள்ளை. நாப்பது வயதிருக்கும், முக்காடு போட்டிருந்தது. ஆறுதலாய்க் கதைக்கிற பிள்ளை. அது இங்கிலீசிலை கேக்க, வதனி எனக்குத் தமிழிலை சொன்னாள்.

"அவை கேட்டவுடனை குடுக்கத் தேவையில்லையாம், அம்மா. இதை எதிர்க்கலாமாம். ஒரு மாசத்துக்குள்ளை எழுதிக் குடுக்கவேணுமாம். பிறகும் மறுத்தால் நீதிபதிக்கு முன்னாலை போகலாமாம். அது முடியிற வரைக்கும் காசு வெட்டாதேங்கோ எண்டு இவவே அவையிட்டைக் கேப்பாவாம். இப்பவே புது விண்ணப்பமும் போடவேணுமாம்."

"நல்லது."

பிறகு அந்தப் பிள்ளை பேனையை மேசையிலை வைச்சிட்டு என்னைப் பாத்து ஏதோ கேட்டுது. வதனிக்குச் சிரிப்பு வந்தது.

"நீங்கள் ஏன் கூட நாள் நிண்டனீங்கள் எண்டு கேக்கிறா. ஆருக்கும் கடுமையாய் வருத்தமோ, நெருங்கின சொந்தத்திலை செத்தவீடு ஏதுமோ எண்டு. செத்தவீடு எண்டால் எட்டுக் கிழமை வரைக்கும் விடலாம் எண்டு சட்டத்திலை இருக்காம்."

நான் வாயைத் திறக்க முதலே வதனி இல்லை எண்டு சொல்லிப்போட்டாள். நானும் தலையை ஆட்டினன்.

அந்தப் பிள்ளை கனநேரம் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தது. பிறகு எழுதத் தொடங்கினது. கவுன்சில் தானே கவனிக்காமல் குடுத்தது, கிழவிக்கு இது எப்பிடித் தெரியும் எண்டு எழுதுவமாம். அது வெல்லுமோ எண்டு கேட்டன். சொல்லேலாதாம்.

வரேக்கை வதனி எனக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கித் தந்தாள். வேண்டாம் வேண்டாம் எண்டு சொன்னது கேக்கேல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

இண்டைக்கு மீன், மச்சம் ஒண்டும் இல்லை. வாழைக்காய்ப் பால்கறி, பயத்தங்காய், கத்தரிக்காய், பருப்பு. தலைவாழை இலை ஒண்டும் வாங்கினன். மூண்டு பவுண், கொள்ளைக்காரன். இலையிலை படைச்சு, ஒரு பிடி சோறு யன்னலுக்கு வெளியிலை வைச்சன். காகம் வரேல்லை. புறாத்தான் வந்தது. கீழ்வீட்டுப் பற்றீசியா புறா எச்சம் எண்டு முறைப்பாடு சொல்லுறா. சொல்லட்டும்.

வதனி வந்து, "என்ன அம்மா, இண்டைக்கு என்ன விசேசம்? அப்பான்ரை திவசம் தை மாசமெல்லோ?" எண்டாள்.

"வெள்ளிக்கிழமை தானே" எண்டன்.

போன மாசமும் இப்பிடித்தான் சமைச்சனான். அது அவளுக்கு நினைவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

வதனி வேலைச் சட்டையைக் கழட்டித் தந்து, பொத்தான் ஒண்டு கழண்டிருக்கு, தைச்சுத் தாங்கோ எண்டாள். கை நடுங்குது, ஊசி கோக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்.

"நேற்று நீங்கள் தலாணி உறை தைச்சனீங்கள்."

"நேற்று நடுங்கேல்லை."

அவள் தானே தைச்சாள். நான் குசினிக்குள்ளை போய் ஏற்கெனவே கழுவின பாத்திரத்தை எல்லாம் திரும்பவும் கழுவினன்.

அக்டோபர் 26, ஞாயிறு

வதனி வரேல்லை. ரெலிபோன் எடுத்தால், வேலை எண்டாள். ஞாயிற்றுக்கிழமையிலை மருந்துக்கடை எங்கை திறந்திருக்கு எண்டு கேட்டன். வேறை வேலையாம். ஒரு ஹொட்டேலிலை படுக்கை விரிக்கிற வேலை, சனி ஞாயிறு.

"ஏன்?"

"சும்மாதான்."

"அந்தக் கடனுக்கோ?"

"கவுன்சில் என்ன சொன்னாலும் சொல்லட்டும் அம்மா. உங்களை இந்த வயதிலை வீட்டை விட்டு எழுப்ப நான் விடமாட்டன். கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேக்கிறன்."

நான் போனை வைச்சிட்டு அழுதன். தங்கச்சி போகட்டும் எண்டு ஒருத்தன் அங்கை நிண்டுபோனான். இப்ப இவளும் எனக்காகத் தன்ரை உடம்பை முறிக்கிறாள். நான் வாய் திறந்தால் இந்தக் கடன் இல்லாமல் போகும். திறந்தால் இவளிட்டை மிச்சம் என்ன இருக்கும்?

நவம்பர் 2, ஞாயிறு

தயாவின்ரை பிறந்தநாள். நாப்பத்தெட்டு. வதனி படுக்கை விரிக்கிற வேலையிலை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். கையிலை கேக். ஒவ்வொரு வருசமும் இதுதான். படத்துக்கு முன்னாலை வைச்சு, நீங்கள் வெட்டுங்கோ எண்டு கத்தியை என்னட்டைத் தந்தாள். நீ வெட்டு எண்டன். அவள் வெட்டினாள். முதல் துண்டை எனக்கு வாயிலை தீத்தினாள்.

மிச்சத் துண்டைத் தட்டிலை வைச்சிட்டன். இனிப்புக் கூடிப்போச்சு எண்டு சொன்னன்.

நவம்பர் 11, செவ்வாய்

கவுன்சில் மறுத்திட்டுது. வெளிநாடு போனால் அறிவிக்க வேணும் எண்டு வருசாவருசம் அனுப்பிற கடிதத்திலை எழுதியிருக்காம், ஆனபடியால் எனக்குத் தெரிஞ்சிருக்க வேணுமாம். அந்தக் கடிதம் பன்ரண்டு பக்கம், இங்கிலீசிலை. வதனியே அதை முழுக்க வாசிச்சதில்லை.

"நீதிபதியிட்டைப் போனாலும் இதைத்தானே சொல்லப்போறம். விடுவம் அம்மா. கட்டிப்போட்டு நிம்மதியாய் இருப்பம்" எண்டாள். அவளின்ரை கண்ணுக்குக் கீழை கறுத்திருக்கு.

நவம்பர் 13, வியாழன்

ஆருக்கும் சொல்லாமல் தனிய பஸ் எடுத்து ஃபார்ஹியாவிட்டைப் போனன்.

என்ரை இங்கிலீசு பஸ்ஸுக்கும் டொக்டருக்கும் காணும். இதுக்குக் காணாது. பையுக்குள்ளை இருந்து தயாவின்ரை சின்னப் படம் ஒண்டை எடுத்து மேசையிலை வைச்சன். மகன் எண்டன். பிறகு நிலத்தைக் காட்டினன். என்ரை நெஞ்சிலை பொத்தான் இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினன். மகளுக்குத் தெரியாது எண்டன். எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரிஞ்சது.

அந்தப் பிள்ளை ஃபைலை மூடி வைச்சிட்டு எழும்பி வந்து எனக்குப் பக்கத்திலை இருந்துது. தன்ரை தம்பியைப் பற்றி ஏதோ சொன்னது. முழுக்க விளங்கேல்லை, விளங்கினது காணும்.

பிறகு ரெலிபோனிலை ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பிடிச்சுத் தந்தது, மொழிபெயர்க்க. ஆரெண்டு தெரியாத ஒருத்திக்குச் சொல்ல லேசாய் இருந்தது. எல்லாம் சொன்னன். அதை இஞ்சை எழுத எனக்கு இப்ப மனம் இல்லை.

"உங்களுக்கு இது வெல்லக்கூடிய வழக்கு" எண்டாள் ஃபார்ஹியா. "ஆனால் இதைக் கட்டாயம் எழுதவேணும். விசாரணையிலை சத்தமாய்ச் சொல்லவும் வேணும். உங்கடை மகள் வாறதெண்டால் அவவும் அங்கை இருப்பா. நீங்கள் ஓம் எண்டு சொல்லுற வரைக்கும் நான் ஒரு எழுத்தும் அனுப்ப மாட்டன். மகளுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்."

வரேக்கை தப்பான பஸ்ஸிலை ஏறிப்போனன்.

டிசெம்பர் 5, வெள்ளி

வதனி வாசலிலை வந்து நிக்கேக்கையே பாத்தன், வலது கையிலை துணி சுத்தியிருந்தது. ஹொட்டேலிலை இஸ்திரிக்கைப் பெட்டி சுட்டுப்போட்டுதாம். நித்திரை தூங்கினதாம் நிண்டபடி. பெரிசில்லை எண்டு சிரிச்சாள்.

இண்டைக்கு அவளுக்குச் சொன்னன்.

டிசெம்பர் 8, திங்கள்

அவள் வரேல்லை. போனும் எடுக்கேல்லை. ஆனபடியால் எழுதுறன்.

நான் நாலு கிழமைக்கு எண்டுதான் ஊருக்குப் போனனான். பாக்கியத்தைப் பாத்து, நாலு கோயிலுக்குப் போட்டு வாறதெண்டு. போய் ரெண்டு கிழமையாலை பக்கத்து வீட்டுப் பெண் வந்து, அக்கா, ஒரு இடத்திலை ஆக்களைப் புதைச்ச கிடங்கைக் கிண்டி எடுத்த சாமான்களைச் சனத்துக்குக் காட்டுகினமாம், நான் தம்பியின்ரையைத் தேடப் போறன், துணைக்கு வாறீங்களோ எண்டாள். துணைக்குத்தான் போனன். சத்தியமாய்த் துணைக்குத்தான்.

நீட்டு மேசை. வெள்ளைத் துணி விரிச்சு மண்பிடிச்ச சாமான்கள். செருப்பு, பெல்ற், ஒரு குழந்தைப் பிள்ளையின்ரை காப்பு. சனம் வரிசையாய் நடந்து பாத்துக்கொண்டு போகுது. ஆரும் சத்தம் போடேல்லை. நானும் பாத்துக்கொண்டு போனன். ஒரு நீலச் சேட்டு. நிறம் போய்ச் சாம்பலாய்க் கிடந்தது. மேலையிருந்து ரெண்டாவது பொத்தான் மட்டும் பெரிய பொத்தான், மண்ணிறம், மற்றதுகளோடை சேராத பொத்தான்.

நடுவிலை சண்டை நிண்டிருந்த சமாதான நேரம் வதனி லண்டனிலை இருந்து வந்தவள். தன்ரை முதல் சம்பளத்திலை சேத்து அண்ணாவுக்கு ஒரு நீலச் சேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். பெட்டிக்குள்ளை ஒரு பொத்தான் துலைஞ்சுபோச்சு. கடைக்குப் போக எங்கை நேரம்? தன்ரை குளிர்க் கோட்டிலை இருந்து ஒரு பொத்தானை வெட்டி எடுத்துத் தைச்சுக் குடுத்தாள். ஓட்டைக்குள்ளை போகுதில்லை எண்டு கத்திரிக்கோலாலை ஓட்டையைப் பெரிசாக்கினாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் திரிஞ்சான். இது லண்டன் பொத்தான் எண்டு எல்லாருக்கும் காட்டினான்.

அங்கை நிண்ட ஒரு சட்டத்தரணிப் பிள்ளையிட்டைச் சொன்னன். அது பேர் ஊர் எல்லாம் எழுதி எடுத்தது. இரத்தப் பரிசோதனையும் செய்தவை, முடிவு எப்ப வருமோ தெரியாது. எனக்கு முடிவு தேவையில்லை.

பதினாறு வருசம் பாத்திருந்த கண், அண்டைக்குத்தான் பாக்கிறதை விட்டுது.

ஐயரிட்டைப் போனம். செத்த நாள் தெரியாட்டில், தெரிய வந்த நாளை வைச்சு எண்ணலாம் எண்டார். அண்டையிலை இருந்து முப்பத்தொண்டு. முப்பத்தோராம் நாள் கீரிமலையிலை அந்தியேட்டிக் கிரியை. பாக்கியத்தின்ரை மகன் செய்தவன். கவுன்சில் எனக்குத் தந்தது இருபத்தெட்டு நாள், அதிலையும் பாதி ஏற்கெனவே போட்டுது. நான் ரிக்கெற்றை மாத்தினன். என்ரை பிள்ளையை அரைவழியிலை விட்டிட்டு வர நான் ஆர்?

கவுன்சிலுக்குச் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் எனக்குக் கவுன்சில் எண்டு ஒண்டு இருக்கிறதே நினைவில்லை.

வதனிக்குச் சொல்ல வந்தனான்தான். எயாப்போட்டிலை அவள் ஓடிவந்து கட்டிப்பிடிச்சு, முதல் கேட்டது: "அண்ணாவைப் பற்றி ஏதும் அறிஞ்சனீங்களோ?" நான் இல்லை எண்டிட்டன். ஒருக்கா இல்லை எண்டால் பிறகு திருப்பிச் சொல்லுறது லேசில்லை.

டிசெம்பர் 16, செவ்வாய்

வதனி வந்தாள். மெலிஞ்சுபோனாள். கையிலை ஒரு பெரிய பை. சாப்பிட்டனியோ எண்டு கேட்டன்.

பைக்குள்ளை இருந்து பழைய கோட்டை எடுத்து மேசையிலை விரிச்சாள். அவள் இஞ்சை வந்த முதல் குளிருக்கு வாங்கின கோட்டு. இத்தனை வீடு மாறியும் எறியாமல் வைச்சிருக்கிறாள். நாலு பொத்தான், அஞ்சாவது இடத்திலை நூல் மட்டும்.

"வடிவாய்ப் பாத்துச் சொல்லுங்கோ. இதுதானோ?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்தன். நாலு துளை, விளிம்பிலை ஒரு வரி. விரலாலை தடவினன். அங்கை தொட விடேல்லை. இஞ்சை தொட்டன்.

"இதுதான் பிள்ளை."

அவள் கதிரையிலை இருந்தாள். கோட்டை மடியிலை வைச்சுக்கொண்டு சொன்னாள்: "என்னைக் கேக் வெட்ட விட்டனீங்கள்."

"ஓம்."

"உங்களுக்குத் தீத்தவும் விட்டனீங்கள்."

"ஓம்."

"மாசாமாசம் தனிய இருந்து அண்ணாவுக்குப் படைச்சிருக்கிறியள். நான் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு எண்டு நினைச்சு மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டன்."

"நீ வயிறு நிறையச் சாப்பிட்டது எனக்கு ஆறுதலாய் இருந்தது" எண்டன். அப்பதான் அவள் அழுதாள். கத்தி அழுதாள். பற்றீசியா மேலை ஏறிவந்து கதவிலை தட்டிக் கேட்டா, எல்லாம் சரியோ எண்டு. நான் கதவைத் திறந்து, மகன் எண்டன். அந்த மனுசி என்னைக் கட்டிப்பிடிச்சுது. புறாவைப் பற்றி இனி ஒண்டும் சொல்லமாட்டா எண்டு நினைக்கிறன்.

போக முதல் வதனி கேட்டாள்: "ஃபார்ஹியாவிட்டை நான் சொல்லட்டோ, அனுப்பச் சொல்லி?"

"உனக்குச் சம்மதமெண்டால்."

"அந்த ஹொட்டேல் வேலையை விட்டிட்டன்" எண்டாள்.

சனவரி 9, வெள்ளி

ஐயரின்ரை கடிதம், சட்டத்தரணிப் பிள்ளையின்ரை கடிதம், பாக்கியம் கையெழுத்து வைச்ச சாட்சிக் கடிதம், எல்லாம் ஊரிலை இருந்து வந்திட்டுது. பாக்கியம் அந்தக் கடிதத்தோடை ஒரு சின்னப் பெட்டி மிளகாய்த்தூளும் அனுப்பியிருக்கிறாள். லூசு.

பெப்ரவரி 18, புதன்

விசாரணை. சினிமாவிலை வாற நீதிமன்றம் மாதிரி இல்லை, ஒரு மேசையும் தண்ணிப் போத்திலும்தான். நீதிபதி ஒரு வெள்ளைக்கார அம்மா, என்ரை வயதுக்குக் கொஞ்சம் குறைவாய் இருக்கும். கவுன்சிலாலை ஒரு பொடியன் வந்தவன், கழுத்துப்பட்டி கட்டி. மொழிபெயர்க்க வந்த பெண் தமிழ்நாட்டுக்காரி. "அம்மா, நீங்க நிதானமா சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" எண்டு சொல்லி என்ரை கையைத் தொட்டா. வதனி எனக்கு மற்றப் பக்கத்திலை இருந்தாள். மொழிபெயர்க்க மாட்டன், மகளாய் மட்டும் வாறன் எண்டுதான் வந்தவள்.

கவுன்சில் பொடியன் பண்பாய்த்தான் கேட்டான். மகன் இறந்ததுக்கு மரணச் சான்றிதழ் இருக்கோ?

"இல்லை."

ஏன் இல்லை?

"அங்கை தாறம் எண்டவை. என்ரை தங்கச்சியை அரசாங்கக் கச்சேரிக்குக் கூப்பிட்டு, எடுங்கோ, நட்டஈடும் வரும் எண்டவை. நாங்கள் வாங்கேல்லை."

ஏன் வாங்கேல்லை?

"வாங்கினால் தேடுறதை விட்டிட்டம் எண்டாகும்."

அந்தப் பெண் அதை இங்கிலீசிலை சொன்னா. பொடியன் பேப்பரைப் பாத்தான். மேலை கேக்கேல்லை.

நீதிபதி அம்மா கேட்டா, உங்கடை மகன் எப்ப இறந்தவர்?

"எனக்குத் தெரியாது, அம்மா. எனக்குத் தெரிய வந்த நாள்தான் தெரியும்."

அது உங்கடை மகன்தான் எண்டு நிச்சயமோ?

"பொத்தான் நிச்சயம்."

முப்பத்தொண்டைப் பற்றிக் கேட்டா. ஏன் அது முடியாமல் வர ஏலாது? நான் சொன்னன், அண்டைக்குத்தான் ஆத்மா வீட்டை விட்டுப் போறது, அதுவரைக்கும் அது வீட்டைச் சுத்திக்கொண்டு நிக்கும், பதினாறு வருசம் அநாதையாய்க் கிடந்த பிள்ளையை அண்டைக்காவது தாய் நிண்டு அனுப்பவேணும். அவ எழுதினா. கனநேரம் எழுதினா.

கடைசியிலை, நீங்கள் வேறை ஏதும் சொல்ல விரும்பிறியளோ எண்டு கேட்டா. நான் இல்லை எண்டன். வதனி எழும்பி, தான் ஒண்டு சொல்லலாமோ எண்டு கேட்டாள். கோட்டை எடுத்து மேசையிலை வைச்சாள். நூல் நிண்ட இடத்தைக் காட்டினாள். இங்கிலீசிலைதான் சொன்னாள். அந்தப் பெண் எனக்குக் காதுக்குள்ளை தமிழிலை சொன்னா: "என் அண்ணன் இறந்துட்டார். அம்மா பொய் சொல்லல."

என்ரை பிள்ளை அந்த வசனத்தை முதல்முதல் சொன்னது எனக்கு ஒரு அந்நியத்தியின்ரை வாயாலை வந்தது.

மார்ச் 6, வெள்ளி

மண்ணிற உறை. வதனி வரும் வரைக்கும் ரீவிக்குப் பக்கத்திலை வைச்சிருந்தன். பூசணிக்காய் வெட்டினன்.

வென்றிட்டம். ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. நிண்ட நாள் எல்லாம் நியாயமான நாளாம். ஃபார்ஹியா போனிலை சந்தோசத்திலை அழுதுது. நான் நன்றி பிள்ளை எண்டு சொன்னன், அது எனக்கு இங்கிலீசிலை தெரியும்.

போனை வைச்ச பிறகு வதனியைக் கேட்டன், அந்தக் கடிதத்திலை அவனைப் பற்றி என்ன எழுதியிருக்கு, அதை மட்டும் தமிழிலை வாசி எண்டு.

அவள் விரலை வைச்சு மெல்ல வாசிச்சாள். "மேன்முறையீட்டாளரின் மகன் தயாபரன் இறந்துவிட்டார் என்பதை இந்த மன்றம் ஏற்றுக்கொள்கிறது."

பதினாறு வருசமாய் அங்கை நீட்டின கடுதாசியை வாங்கமாட்டம் எண்டு நிண்டம். பாக்கியம் அங்கை வெயிலிலை நிண்டாள், மழையிலை நிண்டாள், இவள் இஞ்சை குளிரிலை படத்தைப் பிடிச்சுக்கொண்டு றோட்டிலை நிண்டாள். அதே கடுதாசியை நானே போய்க் கேட்டு, சாட்சி வைச்சு, வாதாடி வாங்கியிருக்கிறன். வீடு மிஞ்சிட்டுது.

வதனி எழும்பி ரீவிக்கு மேலை இருந்த படத்தை எடுத்தாள். தன்ரை சட்டையாலை கண்ணாடியைத் துடைச்சாள். சாமித்தட்டிலை அப்பான்ரை படத்தைக் கொஞ்சம் தள்ளிவைச்சு, இடம் எடுத்து, பக்கத்திலை வைச்சாள். பிறகு குங்குமச் சிமிழைத் திறந்து என்னட்டை நீட்டினாள்.

"நீங்கள் வையுங்கோ, அம்மா."

கை நடுங்கினது. இந்த முறை உண்மையாய்த்தான் நடுங்கினது. அவள் என்ரை மணிக்கட்டைப் பிடிச்சாள். நான் வைச்சன்.